பரணில் கிடந்த பழைய துப்பாக்கி



நம்மவர்களின் பூர்வீக வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறி வருகின்றன. மட்டாஞ்சேரியிலும் அப்படித்தான். மூன்று நான்கு தலைமுறைகளாக அரிசியும் மிளகும் வியாபாரம் செய்த குடும்பங்களின் ஓட்டு வீடுகளை விற்கும்போது, பரணிலிருந்து செப்புக் குடம், மரக்கால், பழைய கணக்குப் புத்தகம் எல்லாம் இறங்குகின்றன. எப்போதாவது ஒரு துப்பாக்கியும் இறங்கிவிடுகிறது. அப்போது என்ன செய்வது என்று பலருக்கும் தெரிவதில்லை. சமீபத்தில் எனக்கு நேர்ந்த அனுபவத்தை வைத்து, தெரிந்ததை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம் இருக்கிறது. பெரியவர் காலமாகி ஓராண்டு ஆகிறது. வீட்டைக் காலி செய்யும் வேலையில், கல்லூரியில் படிக்கும் பேரன் பரணில் சாக்கில் சுற்றிய ஒரு நீளத் துப்பாக்கியைக் கண்டெடுத்தான். ஆச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போனபோது பையன் திண்ணையில் உட்கார்ந்து, உப்புத்தாளை வைத்து அடிக்கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பாதி மரம் புது மேஜைக் கால் போல வெளுத்திருந்தது. அடுத்ததாகக் குழலைத் தேய்க்க எமரித் தாளும், துரு நீக்கும் அமிலப் பாட்டிலும் பக்கத்தில் தயாராக இருந்தன.

"தம்பி, இத வீட்டுல வச்சிருக்கவே பயமா இருக்கு. போலீஸ் வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்றார் ஆச்சி. அவருடைய மாமனார் சொன்ன கதை இது: 1808-ஆம் ஆண்டு டிசம்பரில் வேலுத்தம்பி தளவாயின் ஆட்களும் பாலியத்து அச்சனின் ஆட்களும் கொச்சியில் ஆங்கிலேய ரெசிடென்ட் மெக்காலேயின் மாளிகையைத் தாக்கினார்கள் அல்லவா, அப்போது குடும்பத்து முன்னோர் ஒருவர் வெள்ளைக்காரனிடமிருந்து பறித்த துப்பாக்கியாம். பறித்தது என்றால் திருட்டுச் சொத்துத்தானே என்ற பயம் ஆச்சியின் மனதில் ஐம்பது வருடமாக இருந்திருக்கிறது.

நான் துப்பாக்கி நிபுணன் அல்லன். டிப்ளமா முடித்து ரயில்வேயில் பாதைப் பிரிவில் வேலை பார்த்தவன். ஆனால் பழைய இரும்பைப் படிக்கத் தெரியும். தண்டவாளத்தின் பக்கவாட்டில், செய்த ஆலையின் பெயரும் ஆண்டும் எழுத்தாகப் புடைத்திருக்கும். நூறு வருடத்துக்கு முன் போட்ட தண்டவாளம் இன்று எங்கோ வேலிக் கம்பமாக நின்றாலும், துருவைத் துடைத்துப் பார்த்தால் அதன் ஊரையும் வயதையும் சொல்லிவிடலாம். ராணுவத் துப்பாக்கியும் அப்படியே. அதன் சரித்திரம் முழுவதும் அதன் மேலேயே முத்திரையாக இருக்கிறது. முத்திரையின் ஆழமோ மிகக் கொஞ்சம். உப்புத்தாளை நாலு முறை இழுத்தால் போய்விடும். ஆகவே பையனிடம் முதலில் சொன்னது, "தம்பி, கையை எடுப்பா" என்பதுதான்.

மருந்து இருக்கிறதா?

பழைய துப்பாக்கியை எடுத்ததும், அதில் மருந்து கிட்டித்திருக்கிறது என்றே எண்ண வேண்டும். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் கழித்தும் வெடிக்கும். 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் பின் களத்தில் பொறுக்கிய 27,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளில் சுமார் 24,000 துப்பாக்கிகள் மருந்து அடைத்த நிலையிலேயே இருந்ததாகப் பதிவு உண்டு. பலவற்றில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு மூன்று முறை அடைத்திருந்தார்களாம். அடைத்ததை மறந்துவிடுவது மனித சுபாவம்.

சோதிக்கும் முறை எளிது. குழல் வாய் ஆளில்லாத பக்கம் பார்க்கும்படி துப்பாக்கியைக் கிடத்த வேண்டும். குதிரையையும் (அதாவது சுத்தி போல அடிக்கும் பாகத்தை) விசையையும் தொடக் கூடாது. பக்கவாட்டில் நின்றுகொண்டு, மெல்லிய மூங்கில் குச்சியை மெதுவாகக் குழலுக்குள் விட்டு, குச்சி நின்ற இடத்தில் அடையாளம் வைக்க வேண்டும். பிறகு அதே குச்சியைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்து அளந்தால், அது குழலின் அடிவரை போயிற்றா, முன்னாலேயே நின்றுவிட்டதா என்று தெரியும். இரண்டு மூன்று விரற்கடை குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதற்கு மேல் நம் வேலை இல்லை. தோண்டக் கூடாது, தட்டக் கூடாது, சூடு காட்டக் கூடாது. காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் விஷயத்தில் குச்சி மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றது. ஆச்சியை வீட்டுக்குள் போகச் சொன்னேன். பையனின் முகம் வெளுத்துவிட்டது. அரை மணி நேரமாக அதை மடியில் வைத்துத் தேய்த்தவன் அல்லவா!

சட்டம் என்ன சொல்கிறது?

"தாத்தா காலத்துச் சாமான், நூறு வருடப் பழசு, இதற்கு என்ன லைசென்ஸ்?" என்று கேட்பவர்கள் உண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழமையை மட்டும் பார்த்து விலக்குத் தரவில்லை. வழக்கொழிந்த மாதிரியானாலும், தொன்மை மதிப்புள்ளதானாலும், பழுதானதானாலும், பழுது பார்த்தோ பார்க்காமலோ சுடுவதற்குப் பயன்படாது என்ற நிலையில் இருந்தால்தான் 45-ஆவது பிரிவின்படி விலக்கு. "பழுது பார்த்தாலும்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். துருப்பிடித்து இறுகியிருப்பது மட்டும் போதாது. அதை நாமே தீர்மானித்துக்கொள்வதும் சரியல்ல. ஆயுதம் தெரிந்தவர் பார்த்து, அதிகாரி ஏற்க வேண்டும்.

உரிமம் வைத்திருந்தவர் காலமானால், துப்பாக்கியைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அதன் பிறகு வாரிசுகள் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. பரம்பரையாக வந்தவையும் இந்தக் கணக்கில் சேரும். 0.303 அங்குலம் போன்ற ராணுவ அளவுத் துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட வகை. அவற்றுக்குச் சாதாரண உரிமம் கிடையாது. பழுது பார்ப்பதற்கும், குழலைக் குட்டையாக்குவதற்கும்கூட உரிமம் தேவை. எனவே ஸ்பிரிங் மாற்றுகிறேன், ஓடவைத்துப் பார்க்கிறேன் என்று யாரும் இறங்க வேண்டாம்.

வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயங்கள். உரிமமில்லாத துப்பாக்கியை ரயிலிலோ காரிலோ ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது. மேலும், நூறு வயது தாண்டிய பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. பெட்டியில் வைத்துத் துபாய்க்குக் கொண்டுபோய் வரவேற்பறையில் மாட்டலாம் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும்.

நாங்கள் ஒரு வக்கீலைக் கலந்து, கண்டெடுத்த தேதி, இடம், பெரியவரின் மறைவு ஆகியவற்றை எழுதி, புகைப்படத்துடன் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தோம். துப்பாக்கியை நாங்களாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அவர்கள் வந்து பார்த்து, சொன்ன முறைப்படி அது உரிமம் பெற்ற ஒரு வியாபாரியின் பாதுகாப்புக்குப் போயிற்று. அங்கே தொழில் தெரிந்தவர் அதைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்தது தோட்டா அல்ல. குளவி கட்டிய மண்ணும் ஒரு கந்தல் துணியும்! எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் அது தோட்டாவாக இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

எந்தக் காலத்துத் துப்பாக்கி?

அடையாளம் காண, முதலில் அது எப்படிச் சுடும் என்று பார்க்க வேண்டும். ஆங்கிலேயர் படையில் இருந்தவற்றை வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விய குதிரை இருந்தால் அது மிகப் பழையது. கம்பெனிப் படை வைத்திருந்த "இந்தியா மாதிரி" மஸ்கெட்டுக்கு 39 அங்குலக் குழல், சுமார் 0.75 அங்குல விட்டம், உள்ளே வழவழப்பு. 1808-இல் சிப்பாய்கள் கையில் இருந்தது இந்த வகைதான்.

கல்லுக்குப் பதில், கேப்பை மாட்டும் சிறு முளையின் மேல் அடிக்கும் குதிரை இருந்தால் 1840-களும் அதற்குப் பின்னும். இதில் பெயர் பெற்றது 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு. குழல் 39 அங்குலம், விட்டம் 0.577 அங்குலம், உள்ளே முறுக்கு வரிகள், குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று இரும்பு வளையங்கள். 1857-இல் கொழுப்பு தடவிய தோட்டா என்று சிப்பாய்கள் கொதித்தது இந்தத் துப்பாக்கியின் தோட்டாவைப் பற்றித்தான்.

பார்க்க அதே என்ஃபீல்டு போல இருந்து, குழலின் அடியில் வலப்பக்கம் கீல் வைத்துத் திறக்கும் ஒரு கட்டி இருந்தால், அது ஸ்னைடர். 1866-இல் வந்தது. வாய் வழியாக மருந்து அடைத்த பழைய என்ஃபீல்டுகளையே வெட்டி, பின்பக்கம் தோட்டா போடும்படி மாற்றினார்கள். பின்னர் புதிதாகவும் செய்தார்கள். 1871-இல் வந்த மார்ட்டினி-ஹென்றிக்கு வெளியே குதிரை கிடையாது. விசைக்குப் பின்னால் கீழே நீளமான நெம்புகோல் இருக்கும். 1888-இல் வந்த லீ-மெட்ஃபோர்டு முதல், தாழ்ப்பாள் போல இழுத்துத் தள்ளும் 0.303 ரகங்கள். 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு, வெள்ளைச் சிப்பாய்களுக்குக் கொடுப்பதற்கு ஒரு தலைமுறை பிந்திய துப்பாக்கியே கொடுப்பது என்று வைத்திருந்தார்கள். ஆகவே மாதிரியின் ஆண்டும், அது இங்கே புழங்கிய ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்து முத்திரைகள். குதிரைக்குப் பக்கத்திலுள்ள இரும்புத் தகட்டில் கிரீடம், அதன் கீழ் வி.ஆர். என்ற எழுத்துகள், டவர் அல்லது என்ஃபீல்டு என்ற பெயர், ஆண்டு ஆகியவை இருக்கும். வி.ஆர். என்பது விக்டோரியா மகாராணி. அவர் ஆண்டது 1837 முதல் 1901 வரை. வி.ஆர். போட்டு 1905 என்று இருந்தால் அது போலி என்று உடனே சொல்லிவிடலாம். அதே போல, கம்பெனியின் சிங்க முத்திரையுடன் 1858-க்குப் பிந்திய ஆண்டு இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். பழம்பொருள் கடைத் தெருக்களில் இப்படிப் புதிதாகச் செய்து, பழசாக்கி வைத்த சாமான்கள் நிறைய உண்டு. எழுத்து தலைகீழாக இருப்பது, ஆழம் ஒரே சீராக இல்லாதது, திருகாணியின் வெட்டு புத்தம் புதிதாக இருப்பது ஆகியவை அடையாளம். உண்மையானதைப் பார்த்துக் கண்ணைப் பழக்க விரும்புவோர் திருப்பூணித்துறை ஹில் பேலஸ் அருங்காட்சியகத்துக்கும், சென்னை போனால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்.

அம்புக்குறி இன்னொரு முக்கிய முத்திரை. மூன்று கோடுகளாலான இந்த அம்பு பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதற்கு அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை சேர்ந்திருந்தால், அரசு அதைச் சேவையிலிருந்து விலக்கி விற்றுவிட்டது என்று பொருள்.

வியாபாரியின் கடையில், அவர் கண் முன்னால், ஆச்சி வீட்டுத் துப்பாக்கியை இந்த வரிசைப்படி பார்த்தோம். மூன்று வளையம், வலப்பக்கம் திறக்கும் கட்டி: ஸ்னைடர். தகட்டில் கிரீடம், வி.ஆர்., என்ஃபீல்டு, 1870. அடிக்கட்டையில், பையன் தேய்த்த இடம் முடிந்து ஓரங்குலம் தள்ளி, ஒரு மங்கலான முத்திரை. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். முனையோடு முனை சேர்ந்த இரண்டு அம்புகள்! மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் உரசிப் படியும் எடுத்துக்கொண்டோம். இன்னும் பத்து நிமிடம் நான் தாமதமாகப் போயிருந்தால் அந்த முத்திரை இருந்திருக்காது.

சுத்தம் என்பது பளபளப்பு அல்ல

துரு இரண்டு வகை. ஆரஞ்சு நிறத்தில், தொட்டால் தூளாக ஒட்டுவது உயிருள்ள துரு. அதை நிறுத்த வேண்டும். கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ இறுகி, வழவழப்பாக இருப்பது தன் வேலையை முடித்துவிட்ட படிவு. அதை விட்டுவிட வேண்டும். அது இரும்பைக் காக்கும், வயதையும் காட்டும். என்ஃபீல்டு, ஸ்னைடர் ரகக் குழல்களுக்குத் தொழிற்சாலையிலேயே கருநிறம் ஏற்றித்தான் அனுப்பினார்கள். அந்த ரகங்களில் வெள்ளி போல மின்னும் குழல் யாரோ கெடுத்த குழல்.

செய்யும் முறை இது. துப்பாக்கியைக் கழற்ற வேண்டாம். பொருந்தாத திருப்புளியால் திருகாணியின் வாய் பிய்ந்துபோகும். தூசியை மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தட்ட வேண்டும். இரும்பில் துரு உள்ள இடத்தில் மட்டும் தையல் மிஷின் ஆயிலை மெல்லிசாகத் தடவி ஒரு நாள் விட்டு, பழைய பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். இப்படி நாலைந்து முறை. பாதைப் பிரிவில் இறுகிப்போன ஃபிஷ் போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருப்போம். துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் போல்ட் இறுகுகிறது. எண்ணெய் உள்ளே இறங்க நேரம் கொடுத்தால் இளகும். அவசரப்பட்டவன்தான் போல்ட்டை முறிப்பான். இங்கும் அதே பாடம்.

துணிக்கு மசியாத துருவுக்கு, மிக மெல்லிய நான்கு சுழி ரக ஸ்டீல் வுல்லை எண்ணெயில் நனைத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துவிட்டு, அழுத்தாமல் தடவலாம். முத்திரை உள்ள இடத்தில் அதுவும் வேண்டாம். எமரி, சுழலும் கம்பி பிரஷ், அமிலம் மூன்றும் கூடவே கூடாது. பித்தளைப் பாகத்துக்குக் குத்துவிளக்கு போலப் புளி போட்டுத் துலக்கவும் கூடாது. புளியும் அமிலம்தான். மரத்தில் நீர் விட்டுக் கழுவுவது, வார்னிஷ் அடிப்பது இரண்டும் தவறு. லேசான ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும்.

கேரளத்தில் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்! இதற்கு மட்டும் வேண்டாம். தாவர எண்ணெய் நாளடைவில் சிக்குப்பிடித்து, பிசினாகி, அமிலமும் உண்டாக்கும். ஆழமாக அரித்த பொருள் என்றால் அது நிபுணர் வேலை. சென்னை அருங்காட்சியகத்தின் இரசாயனக் கூடத்தில் 1930-களிலேயே டாக்டர் எஸ். பரமசிவன் அவர்கள், பச்சை அரித்த ஐம்பொன் சிலைகளை மின்பகுப்பு முறையில் காப்பாற்றினார்கள். அப்படிப்பட்ட வேலையைத் திண்ணையில் செய்ய முடியாது.

சுத்தம் செய்த பின் எண்ணெயைத் துடைத்துவிட்டு, அருங்காட்சியகங்களில் பயன்படும் மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகை இரும்புக்கும் மரத்துக்கும் மெல்லிசாகப் பூசலாம். நம் ஊர்க் கடல் காற்றில் உப்பு உண்டு. ஆடி மாதத்தில் சுவரே வியர்க்கும். எனவே சாக்கு, தோல் உறை, செய்தித்தாள் எதிலும் சுற்றி வைக்கக் கூடாது. அவை ஈரத்தைப் பிடித்து வைக்கும். வெளிச்சுவரில் மாட்டக் கூடாது. கை வியர்வையிலும் உப்பு உண்டாகையால் கையுறை போட்டுத்தான் எடுக்க வேண்டும். மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை பார்த்துத் துடைக்க வேண்டும்.

ஆச்சி கேட்ட கேள்வி

பார்த்ததையெல்லாம் ஆச்சியிடம் வந்து சொன்னேன். 1870-இல் செய்த துப்பாக்கி 1808 சண்டையில் இருந்திருக்க முடியாது என்றதும் அவர் முகம் வாடியது. "அப்போ எங்க மாமா சொன்னது பொய்யா, தம்பி?" என்றார். பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு வீட்டில் ஊர்க் கதையும் இருக்கிறது, துப்பாக்கியும் இருக்கிறது. இரண்டு தலைமுறை போனால் இரண்டும் ஒன்றாகிவிடுவது இயல்பு என்றேன். பிறகு பென்சிலால் எடுத்த படியைக் காட்டி, இந்த இரண்டு அம்புக்கு, சர்க்கார் இதை முறையாக விற்றுவிட்டது என்று அர்த்தம் என்று விளக்கினேன்.

கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ பறிச்சது இல்ல. சர்க்காரே வித்தது. அது போதும் தம்பி" என்றார்.

துப்பாக்கி இப்போதும் வியாபாரியின் பாதுகாப்பில்தான் இருக்கிறது. விண்ணப்பத்தின் மீது அதிகாரியின் முடிவுக்குக் காத்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பது புகைப்படங்களும், முத்திரையின் படியும், பையன் எழுதி வைத்த ஒரு நோட்டுப் புத்தகமும். முதல் பக்கத்தில் ஆச்சி சொன்ன கதையை அப்படியே எழுதி, எதிர்ப்பக்கத்தில் துப்பாக்கியில் கண்டதை எழுதியிருக்கிறான். இரண்டையும் அழிக்காமல் வைத்திருக்கிறான் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது இருக்கலாம். இறக்குவதற்கு முன், அதைப் பற்றித் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாளை மட்டும் கையில் எடுக்காதீர்கள்.